கிருஷ்ணகிரிக்கு ஒரு வரி ஆராய்ச்சியாளர் வேண்டும்

மாங்கூழ் ஆலைகளுக்கும் புளி மண்டிகளுக்கும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன் என்று ஓடுகிற பிழைப்பு. வரித் துறையோடு இத்தனை காலம் பழகியதில் ஒரு விஷயம் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. அங்கே வசூலிக்க ஆள் உண்டு, தணிக்கை செய்ய ஆள் உண்டு, நோட்டீஸ் அனுப்ப மென்பொருளே உண்டு. ஒரு தொழில் எப்படி நடக்கிறது, அதன் கணக்கு ஏன் இப்படி வருகிறது என்று உட்கார்ந்து யோசிப்பதையே வேலையாகக் கொண்ட ஆள் மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு ஆள் துறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

போன சீசன் முடிந்த பிறகு ஓர் ஆலைக்கு வந்த நோட்டீஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். இ-வே பில்களின்படி நீங்கள் வெளியே அனுப்பிய சரக்கின் மதிப்பு இவ்வளவு, ரிட்டர்னில் காட்டிய விற்பனை அதில் ஒரு சின்னப் பகுதிதான், மீதிக்கு வரி எங்கே என்று கேட்டிருந்தார்கள். முதலாளி பதறிப்போய் போன் செய்தார். "மேடம், நாங்க கூலிக்கு அரைச்சுத் தர்றோம். அந்தச் சரக்கு எங்களுதே இல்லையே!"

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஏற்றுமதி செய்கிற கம்பெனி மண்டியில் பழத்தை வாங்கி ஆலைக்கு அனுப்பும். ஆலை அதைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து டெலிவரி சலான் போட்டுத் திருப்பி அனுப்பும். லாரி ரோட்டில் போக வேண்டுமென்றால் இ-வே பில் வேண்டும். அதில் கூழின் முழு மதிப்பையும் காட்டியாக வேண்டும். ஆலைக்குக் கிடைப்பதோ கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி மட்டும். வரியும் அந்தக் கூலிக்குத்தான். ஆகவே இ-வே பில்லில் கோடிகளும் ரிட்டர்னில் லட்சங்களும் நிற்பதுதான் இந்தத் தொழிலின் இயல்பு. ஒப்பந்தம், சலான், கூலி பில் எல்லாவற்றையும் அடுக்கிப் பதில் போட்டோம். நோட்டீஸ் கைவிடப்பட்டது. அதோடு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. அந்தப் பதிலில் இருந்த பாடம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அடுத்த ஆலைக்கு அதே கேள்வி வரும், நாங்கள் அதே பதிலை அடுக்குவோம், இன்னோர் அதிகாரி அதை முதலிலிருந்து படித்துப் புரிந்துகொள்வார்.

இந்தத் தொழிலை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். ஜூன் மாதம் ஆலைக்குள் போனால் தரையெல்லாம் தோத்தாபுரி வாசம். கழுவி, அரைத்து, சூடேற்றிய கூழ் கடைசியில் ஒரு குழாய் வழியாக ஏசெப்டிக் பைக்குள் இறங்கும். வெள்ளி நிறத்தில் பளபளக்கிற கிருமி நீக்கிய பை அது. நிரம்பியதும் மூடி அடைபடும், பையோடு டிரம்மில் இறங்கும், மேலே பேட்ச் எண்ணும் பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவும் எழுதி ஒட்டுவார்கள். பழக்கூழென்றால் ஒரு டிரம்முக்குச் சுமார் 215 கிலோ. அந்தப் பையை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது. ஒரு பை என்றால் ஒரு டிரம். டின்னில் அடைப்பது தனிக் கணக்கு; டிரம் சரக்கைப் பொறுத்தவரை ஓர் ஆலை ஒரு சீசனில் எவ்வளவு கூழ் எடுத்தது என்பதை அது வாங்கிய பைகளே சொல்லிவிடும். பைகளை ஏற்றி வந்த லாரியின் இ-வே பில்லில் எண்ணிக்கை இருக்கிறது. அதாவது, வரித் துறைக்குத் தேவையான தகவல் அதன் கையிலேயே கிடக்கிறது. அதைக் கூழோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால், ஒழுங்காக நடத்துகிற ஆலைக்கு நோட்டீஸே போகாது. கணக்கில் வராத டிரம் இருந்தால் அதுவும் தப்பாது.

இதைத்தான் துறைக்குள் ஆராய்ச்சி என்கிறேன். பெரிய பெரிய சூத்திரங்களைச் சொல்லவில்லை. தொழில் தெரிந்த ஆள், தகவல் கையில் இருக்கிற ஆள், அடுத்த மாத வசூல் இலக்கு தலையில் இல்லாத ஆள். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர வேண்டும்.

அமெரிக்காவில் வருமான வரி வாங்குகிற ஐஆர்எஸ் இதை நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்கிறது. 1916-இல் போட்ட சட்டப்படி அன்றிலிருந்து வரிப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வெளியிட்டு வருகிறார்கள். 1960-களில் ஆரம்பித்தது இன்னும் முக்கியமான ஒரு வேலை. யார் மேலும் சந்தேகம் இல்லாமல், குலுக்கல் முறையில் ரிட்டர்ன்களைப் பொறுக்கி எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு விவரமாகச் சரிபார்ப்பது. இதன் அருமை எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. சந்தேகப்பட்ட ஆட்களை மட்டுமே சோதித்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த தப்புகளையே திரும்பத் திரும்பப் பிடிப்போம். நாம் நினைத்தே பார்க்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பது குலுக்கல் முறையில் எடுத்தால்தான் தெரியும். எந்த ரிட்டர்னைத் தணிக்கைக்கு எடுக்கலாம் என்று அவர்கள் போடுகிற மதிப்பெண்ணும் அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான். வரி செலுத்துவோருக்குத் தொல்லை என்று எதிர்ப்பு கிளம்பியதால் 1990-களின் நடுவில் அது நின்றுபோனது. பிறகு 2001-ஆம் ஆண்டின் ரிட்டர்ன்களில் 40,000-க்கு மேற்பட்டவற்றை எடுத்து, முடிந்தவரை ஆளைக் கூப்பிடாமலேயே சரிபார்க்கிற புதிய முறையில் மறுபடி தொடங்கினார்கள்.

அதில் கிடைத்த விடை ஒன்றை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். முதலாளியே வரியைப் பிடித்தம் செய்து அரசுக்கும் தெரிவித்துவிடுகிற சம்பள வருமானத்தில் குறைத்துக் காட்டுவது சுமார் 1 சதவீதம். வேறு யாரும் தெரிவிக்காத, தானே சொன்னால்தான் உண்டு என்கிற வருமானத்தில் அது சுமார் 55 சதவீதம். மனிதர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற பேச்சே இதில் இல்லை. தகவல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நிர்வாகம் ரெய்டுக்குச் செலவழிப்பதைவிடத் தகவல் வருகிற வழியைச் சரிசெய்யச் செலவழிக்கும்.

அதே ஐஆர்எஸ்ஸின் ஆராய்ச்சி அலுவலர் ஒருவர் 1980-களில் ஒன்றைக் கவனித்தார். இல்லாத பிள்ளைகளைத் தங்களைச் சார்ந்தவர்கள் என்று காட்டி வரிச் சலுகை வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பிள்ளை பெயரோடு அதன் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எழுதச் சொன்னால் போதும் என்றார். மேலிடம் உடனே ஏற்கவில்லை. 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தில்தான் அந்த விதி ஏறியது. நடைமுறைக்கு வந்ததும் சுமார் 70 லட்சம் "பிள்ளைகள்" ரிட்டர்ன்களிலிருந்து காணாமல் போனார்கள். படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருகிற ஆலோசனைக் கம்பெனிக்கு இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். ரிட்டர்ன்களோடு தினமும் புழங்குகிறவருக்குத்தான் தோன்றும்.

வெளியாள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இருக்கிற பொருளாதாரப் பேராசிரியருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு வியாபாரியின் ரிட்டர்னைத் துறை தூக்கிக் கொடுத்துவிட முடியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 158-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். என் வாடிக்கையாளர்களின் கணக்கு ஊரெல்லாம் சுற்றுவதை நானும் விரும்பமாட்டேன். அப்படியானால் அந்தத் தகவலைப் பார்த்து யோசிக்கிற வேலையை உள்ளே இருக்கிறவர்தானே செய்தாக வேண்டும்?

சரி, இதெல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்தும், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணின் கதையையே சொல்கிறேன். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் எல்லாம் அதில் அடக்கம். வரி வசூலிக்க உள்ளூர் மொழி தெரிந்த சிவில் அதிகாரிகள் இல்லை என்று கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளர்களாக மூன்று ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இங்கேதான் இருந்தார். நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். என்ன விளைகிறது, எவ்வளவு விளைகிறது, யார் உழுகிறார், என்னென்ன சுங்கம் இருக்கிறது என்று எழுதி எழுதிக் குவித்தார்கள். அந்தக் குவியலைத்தான் சென்னை அரசு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாராமகால் ஆவணங்கள் என்று பகுதி பகுதியாக அச்சிட்டது. விவசாயியிடம் நேரடியாகவே வரி தீர்மானிக்கிற ரயத்துவாரி முறை இந்தச் செம்மண்ணில்தான் உருவெடுத்தது.

கம்பெனி வந்தது வசூலுக்கு. அதில் எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. வசூலித்தவர்களே ஆராய்ந்தார்கள், ஆராய்ந்தவரே பிறகு வரியைக் குறைக்கவும் சொன்னார். இங்கிருந்து போய் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை நிர்வகித்த மன்றோ, 1807-இல் அங்கே தீர்வையில் 25 சதவீதம் குறைக்கச் சொல்லி எழுதினார். அப்போது கேட்கவில்லை. அவர் சென்னை மாகாண கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. வரித் துறையில் ஆராய்ச்சிப் பிரிவு வைத்தால் வியாபாரிகளை இன்னும் கசக்கத்தான் அது உதவும் என்று மண்டியில் சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். சுமை எங்கே அதிகம் என்பதும் ஆராய்ந்தால்தான் தெரியும்.

புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது புதிய புளிக்கு வரி இல்லை, உலர்ந்த புளிக்கு 5 சதவீதம் என்று இருந்தது. நம் பக்கம் மரத்திலிருந்து உலுக்கி, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து வருகிற புளி மண்டிக்கு வரும்போதே காய்ந்துதான் இருக்கும். ஓடு தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் கூலிக்குச் செய்வது. இத்தனை கை மாறுகிற பொருளில் எந்தக் கட்டத்தில் வரி பிறக்கிறது என்று மண்டிக்காரர்கள் என்னிடம் கேட்டபோது எனக்கே தலை சுற்றியது. கடைசியில் 2019 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் உலர்ந்த புளிக்கும் வரி இல்லை என்று முடிவெடுத்து, அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. நல்ல முடிவு. மாசி, பங்குனியில் இங்கே ஒரு மண்டியில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய குறிப்பு ஒன்று முதலிலேயே மேசையில் இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷக் குழப்பம் தேவைப்பட்டிருக்காது.

அப்படிக் குறிப்பு எழுதுகிறவர்கள் துறையில் இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற வணிகவரி அலுவலர் ஒருவரை எனக்குத் தெரியும். ஓசூர் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் வேலை பார்த்தவர். ஒரு லாங் சைஸ் நோட்டில் எந்த மாதம் எந்தச் சரக்கு எந்தப் பக்கம் போகிறது, பில்லில் என்ன விலை, அன்றைக்கு மண்டியில் என்ன விலை என்று பத்தி பத்தியாக எழுதி வைத்திருக்கிறார். ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய கேள்விகள். "கர்நாடகாவிலிருந்து வரும் புளி, சித்திரையில் மட்டும் விலை குறைவாகக் காட்டுவது ஏன்?" என்று ஓரிடத்தில் இருந்தது. "யாராவது உங்களை எழுதச் சொன்னார்களா சார்?" என்று கேட்டேன். "யாரும்மா சொல்லப் போறா, தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு" என்றார். ஜிஎஸ்டி வந்ததும் சாவடி போயிற்று. அவரும் ஓய்வு பெற்றார். நோட்டு அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. துறையில் ஒருவர் ஓர் ஊரைப் புரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடுகிறது. புரிந்ததெல்லாம் அவரோடேயே பஸ் ஏறிவிடுகிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம் இது.

டெல்லியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தசாரதி ஷோம் தலைமையில் 2013-இல் அமைத்த வரி நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், கொள்கை ஆய்வுக்கும் தகவல் பகுப்பாய்வுக்கும் தனி அமைப்புகள் வேண்டும் என்று 2014-இலிருந்து கொடுத்த அறிக்கைகளில் வலியுறுத்தியது. 2016-இல் மத்திய அரசு வரிக் கொள்கை ஆராய்ச்சிப் பிரிவை அமைத்தது. பல வருஷமாக நின்றுபோயிருந்த வருமான வரிப் புள்ளிவிவர வெளியீடும் அந்த ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. ஜிஎஸ்டி வந்த 2017-இல் மறைமுக வரிகளுக்கென்று பகுப்பாய்வு மற்றும் இடர் மேலாண்மை இயக்ககம் வந்தது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் இடர் பகுப்பாய்வு "யாரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லும். "ஏன் இப்படி" என்று கேட்பது வேறு வேலை. கூலிக்கு அரைக்கிற ஆலையைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றுவது முதல் வகை. அந்த ஆலை சந்தேகப் பட்டியலில் ஏறாதபடி கணக்கிடும் முறையை மாற்றுவது இரண்டாம் வகை.

உள்ளே இருப்பவர் மேலதிகாரிக்குப் பிடித்ததைத்தானே எழுதுவார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே மருந்து, பெயர்களை நீக்கிவிட்டு முடிவுகளை வெளியிடுவது. எந்த முடிவாக இருந்தாலும் சரி. அப்போது நாங்களும் படிப்போம், தப்பிருந்தால் சொல்வோம்.

ஒரே மாவட்டத்தில் முதலில் செய்து பார்ப்பதும் நம் ஊருக்குப் புதிதில்லை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-இல் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். அன்றைக்கு நாமெல்லாம் சேலம் மாவட்டம். அடுத்த வருஷங்களில் வேறு சில மாவட்டங்களுக்கும் அது போனது. கலால் வருமானம் போன இடத்தை நிரப்பத்தான் 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு பொது விற்பனை வரி அதுவே முதல். இன்றைய ஜிஎஸ்டியின் தாத்தா.

ஆகவே இங்கிருந்தே தொடங்கலாம் என்று கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். மாவட்டத்துக்கு ஓர் அலுவலர், குறைந்தது ஐந்து வருஷம் மாற்றல் இல்லாமல், வசூல் இலக்கு இல்லாமல். முதல் வேலையாகக் கூலிக்கு அரைக்கிற மாங்கூழ் ஆலைகள்: இ-வே பில், சலான், பை எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து, எது இயல்பு, எது இயல்பில்லை என்று ஓர் அளவுகோல். அப்புறம் நோட்டீஸின் மொழி. பிரிட்டனில் வரித் துறை 2011 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நினைவூட்டல் கடிதங்களை வெவ்வேறு விதமாக எழுதி அனுப்பிப் பார்த்தது. பத்துக்கு ஒன்பது பேர் நேரத்தோடு கட்டிவிடுகிறார்கள், நீங்கள் இன்னும் கட்டாத சிலரில் ஒருவர் என்று சேர்த்தபோது பணம் கூடுதலாக வந்தது. போச்சம்பள்ளி மளிகைக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் பிரிவு எண்களோடு போகிற நோட்டீஸையும், மீதிப் பேருக்கு எளிய தமிழில் ஒரு பக்கக் கடிதத்தையும் அனுப்பி, எத்தனை பேர் பதில் போடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாமே. தபால் செலவைத் தவிர இதற்கு என்ன செலவு? இன்னொன்று, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷனின் வரம்பான ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் கீழேயே விற்பனை வருஷா வருஷம் நின்றுவிடுகிற கடைகள். மறைக்கிறார்களா, அல்லது வரம்பைத் தாண்டினால் வருகிற கணக்கு வேலைக்குப் பயந்து வியாபாரத்தையே வளர்க்காமல் விடுகிறார்களா? என் மேசைக்கு வருகிறவர்களில் இரண்டு வகையும் உண்டு. எது அதிகம் என்று துறைதான் கண்டுபிடிக்க முடியும்.

மே கடைசியில் ஆலைகள் திறந்துவிடும். முதல் கேள்வியை அதற்குள் எடுத்துக்கொண்டால் ஒரு முழு சீசனையும் நேரில் பார்க்கலாம். ஒப்பந்தம், சலான், பை வாங்கிய பில் எல்லாவற்றையும் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஆலைக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற அந்த சாரும் நோட்டைக் கொடுக்கத் தயார். யாரை அனுப்புகிறீர்கள் என்று மட்டும் துறை சொன்னால் போதும்.